இல்லாத கையின் வலி



இரயில் விபத்தில் கையிழந்தோரை இருப்புப்பாதை ஊழியர்களாகிய நாம் கண்டிருக்கிறோம். இல்லாத கை வலிக்கிறது என்று அவர்கள் சொன்னால், மனப்பிரமை என்று தள்ளிவிடுகிறோம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன் தள்ளவில்லை, செவிசாய்த்தார். 1990களில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், ஒரு பெட்டியின் நடுவே நிலைக்கண்ணாடியை நிறுத்தி, நலமான கையின் பிம்பத்தை இழந்த கையின் இடத்திலே காணச் செய்தார். இறுக மூடிக்கிடப்பதாகத் தோன்றிய விரல்கள் விரிந்தன போலிருந்தது. சிலருக்கு நோவும் தணிந்தது. எல்லோருக்கும் அன்று, ஆதலால் ஆராய்ச்சி தொடர்கிறது.

ஆய்வுக்கூடத்திலிருந்து நோயாளியின் கட்டில் வரை செல்லும் இவ்வழியில் இளம் விஞ்ஞானிகளுக்குப் பயிற்சி வேண்டும். எலியின் நரம்பை அளந்தால் மட்டும் போதுமா? எலி தன் வலியை வாய்திறந்து சொல்லாதே! நம் ஆரியங்கோட்டிற்கு அண்மையிலுள்ள திருவனந்தபுரத்தில், டாக்டர் எம். ஆர். இராஜகோபால் முதலியோர் 2003இல் தொடங்கிய பாலியம் இந்தியா, மருத்துவர்க்கும் தாதியர்க்கும் வலி தணிக்கும் பயிற்சி அளித்து வருகிறது. விஞ்ஞானம் பயிலும் நம் பிள்ளைகள் இசைவு பெற்று அங்கே சில நாள் நோயாளர் சொல் கேட்டு வரட்டும். வழிச்செலவைச் சங்கம் ஏற்குமாறு செயற்குழுவை வேண்டுகிறோம்.