மூளையின் வாயிற்காவல்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது சரீரத்தில் ஓடும் இரத்தம் உணவையும் பிராணவாயுவையும் எல்லா உறுப்புகளுக்கும் கொண்டு செல்கின்றது. மருந்தும் நஞ்சும் அவ்வழியே செல்கின்றன. ஆயினும் பிற உறுப்புகளுள் தாராளமாய்ப் புகும் பல பொருள்கள் மூளையின் வாயிலில் தடைப்பட்டு நின்றுவிடுகின்றன. இவ்விந்தையை ஆராய்ந்து, அதனால் குழந்தைகளின் உயிரைக் காக்க முற்பட்ட லீனா ஷ்டெர்ன் என்னும் அம்மையாரைப் பற்றி இன்று சில கூறுவோம்.

1885ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்துப் பால் எர்லிக் என்பார் பிராணிகளின் இரத்தத்தில் சாயங்களைச் செலுத்திப் பார்த்தார். உறுப்புகள் பலவும் நிறமேறின. மூளை மட்டும் பெரும்பாலும் வெளுத்தே இருந்தது. மூளைக்குச் சாயத்தைப் பற்றும் தன்மை இல்லை போலும் என்று அவர் கருதினார். அவருடன் பணியாற்றிய எட்வின் கோல்ட்மன் 1913இல் சாயத்தை மூளையைச் சூழ்ந்த நீரிலேயே செலுத்தினார். அப்போது மூளை நிறமேறிற்று. பிற உறுப்புகள் ஏறவில்லை. ஆகவே குறை மூளையின் தன்மையில் இல்லை, இடையே ஏதோ ஓர் அரண் உண்டு என்பது புலனாயிற்று.

அவ்வரணுக்குப் பெயரிட்டு, அதன் தொழிலை முறையாக ஆராய்ந்தவர் ஷ்டெர்ன் அம்மையார். 1878இல் ரஷ்யப் பேரரசில் யூத குடும்பமொன்றில் பிறந்தவர். அங்கே யூதர்க்கும் பெண்டிர்க்கும் உயர்கல்வியின் வாயில் குறுகியிருந்தமையால், சுவிட்சர்லாந்திலுள்ள ஜெனீவாவுக்குச் சென்று வைத்தியம் பயின்றார். 1918இல் அச்சர்வகலாசாலையின் முதற் பெண் பேராசிரியரானார். ரைமோன் கோத்தியே என்பவருடன் சேர்ந்து 1921, 1922ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சு மொழியில் கட்டுரைகள் வெளியிட்டார். இரத்தத்தில் செலுத்திய பொருள்களுள் எவை மூளைநீரில் காணப்படுகின்றன என்று அவர்கள் ஒவ்வொன்றாகச் சோதித்தனர். ப்ரோமைடு, மார்பின், ஸ்ட்ரிக்னின் முதலியன புகுந்தன. பித்த நிறமிகளும் சில சாயங்களும் புகவில்லை. எனவே இது வெறும் சுவரன்று, ஆளறிந்து விடும் காவல் என்பது அவர் கண்ட முடிபு.

அக்காவல் எங்குள்ளது என்பதை 1967இல் ரீஸ், கர்னோவ்ஸ்கி என்னும் இருவர் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் காட்டினர். மூளையின் மயிரிழை போன்ற இரத்தக் குழாய்களில் சுவராக அமைந்த உயிரணுக்கள், இடைவெளியின்றி ஒன்றோடொன்று இறுகப் பொருந்தியுள்ளன. பிராணவாயுவும் கொழுப்பில் கரையும் சிறு பொருள்களும் அவற்றை ஊடுருவும். குளுக்கோஸ் என்னும் சர்க்கரைக்கோ தனிப் புரதம் ஒன்று வழி திறந்துவிடுகிறது. வேண்டாதன சில நுழைந்தாலும் அவற்றைப் பிடித்து வெளியே தள்ளும் புரதங்களும் உண்டு.

காவல் நன்மையே, ஆயினும் பகைவன் கோட்டைக்குள் புகுந்துவிட்டபோது, உதவிப்படையையும் வாயில் தடுக்குமாயின் என் செய்வது? க்ஷயரோகக் கிருமி மூளையின் சவ்வைப் பற்றினால் குழந்தைகள் பிழைப்பது அந்நாளில் அரிது. 1943இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் அக்கிருமியைக் கொல்ல வல்லது. எனினும் இரத்தத்தினின்று மூளைக்குள் சொற்பமே சென்றது. 1925 முதல் மாஸ்கோவில் பணியாற்றிய ஷ்டெர்ன், அம்மருந்தை நேரே மூளைநீரில் செலுத்தும் முறையை வற்புறுத்தினார். அமெரிக்காவிலிருந்த அவருடைய சகோதரர் மருந்தை அனுப்பினார், குழந்தைகள் பிழைத்தனர். 1952இல் ஐசோனியஸைடு வந்தது. அது வாய்வழி உட்கொண்டாலும் அரணைக் கடப்பதாதலின் சிகிச்சை எளிதாயிற்று.

இத்தகையவருக்கு அவ்வரசு அளித்த கைம்மாறு யாது? 1939இல் சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் முதற் பெண் முழு அங்கத்தினராக்கியது. 1943இல் ஸ்டாலின் பரிசளித்தது. 1949 ஜனவரியிலோ, யூத பாசிச எதிர்ப்புக் குழுவைச் சேர்ந்தவரென்று சிறையிட்டது. அவ்வழக்கில் பதின்மூவர் 1952 ஆகஸ்டு 12இல் சுட்டுக் கொல்லப்பட்டனர். எழுபது கடந்த இவ்வம்மையார் மட்டும் கஜகஸ்தானுக்கு நாடு கடத்தப்பட்டார். 1953இல் மீண்டு வந்து, மறு ஆண்டு முதல் மீண்டும் ஆராய்ச்சியில் அமர்ந்து, 1968இல் காலமானார்.

இவ்வறிவு நம் இல்லங்களுக்கும் எட்டுவதாகும். தும்மலுக்கு உண்ணும் பழைய மாத்திரைகள் சில உறக்கம் தருவது ஏன்? அவை இவ்வரணைக் கடப்பதனாலேயே. புதியன பலவும் அவ்வளவு கடப்பதில்லை. பிறந்த குழந்தையின் காமாலையில் பித்த நிறமி அளவு மீறினால், அரணையும் கடந்து மூளையைக் கெடுத்துவிடும். ஆதலின், 'தானே தெளியும்' என்று வாளாவிராது, குழந்தையை உடனே வைத்தியரிடம் காட்டுமாறு தாய்மாரைக் கேட்டுக்கொள்கிறோம்.

மூளைக்கு வாயிற்காவல் இன்றியமையாதது. கல்விக்கோ அது கூடாது. பிறந்த நாட்டில் குறுகியிருந்த வாயிலின் முன் ஒரு பெண் தயங்கி நின்றிருப்பின், அக்குழந்தைகளின் கதி யாதாயிருக்கும்? நம் இல்லத்துப் பெண்மக்களுள் ஒருத்தி மேற்படிப்பு விரும்பும்போது, பெரியோர்கள் இதனைச் சிறிது எண்ணிப் பார்ப்பார்களாக.