சின்னத் துளைதான், ஆனாலும் ஓய்வு வேண்டும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



பித்தப்பைக் கல், கர்ப்பப்பைக் கட்டி, குடல்வால் என்று நம் பெண்கள் பலருக்கு ஆபரேஷன் தேவைப்படுகிறது. வயிற்றைத் திறந்து செய்வது ஒரு முறை. துளை போட்டுச் செய்வது இன்னொரு முறை. இதைத்தான் லேப்ராஸ்கோப்பி என்கிறார்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் மூலமாக இந்தப் பேர் நமக்குப் பழக்கம்தான். துளை போட்டுப் பித்தப்பையை முதலில் எடுத்தவர் ஜெர்மனி டாக்டர் எரிக் மூஹே, 1985-இல். நம் நாட்டில் 1990-இல் மும்பையில் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா செய்தார்.

இரண்டுக்கும் தழும்பில் மட்டும்தான் வித்தியாசம் என்று நினைக்கிறோம். உடம்புக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

உடம்பு செய்யும் வேலை

அருவாள் பட்டு விரல் வெட்டுப்பட்டால் என்ன ஆகிறது? சிவக்கிறது, வீங்குகிறது, சூடாகிறது, விண் விண்ணுன்னு தெறிக்கிறது. இதற்கு அழற்சி என்று பேர். இது உடம்பு தன்னைத் தானே சரி செய்துகொள்ளும் வேலை. அந்த இடத்துக்கு ரத்தம் அதிகமாக வருகிறது. வெள்ளை அணுக்கள் வந்து கிருமியைக் கொன்று, செத்த சதையை அப்புறப்படுத்துகின்றன. பிறகு புதுச் சதை வளர்கிறது.

பெரிய காயம் என்றால் சேதி உடம்பு முழுக்கப் போகும். காயத்திலிருந்து வரும் ரசாயனங்கள் மூளைக்குப் போனால் காய்ச்சல் அடிக்கும். கல்லீரலுக்குப் போனால் அது சி.ஆர்.பி. என்ற புரதத்தைச் சுரக்கும். இதை ரத்தப் பரிசோதனையில் அளக்கலாம். ஆபரேஷன் முடிந்து சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கும்.

துளையும் கீறலும்

பித்தப்பையைத் திறந்து எடுக்க, விலாவுக்குக் கீழே தோலையும் தசையையும் நீளமாக வெட்ட வேண்டும். துளை முறையில் ஒரு செ.மீ. அளவோ அதற்கும் குறைவாகவோ மூன்று நான்கு துளைகள்தான். வெட்டுப்படும் சதை குறைவு. அதனால் சி.ஆர்.பி.யும் குறைவாகத்தான் ஏறுகிறது என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். வலி குறைவு, காயத்தில் சீழ் பிடிப்பது குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம்.

ஆனால் சகோதரிகளே, உள்ளே பித்தப்பையை அறுத்து எடுத்தது இரண்டு முறையிலும் ஒன்றுதான். அது ஒட்டியிருந்த இடம் பச்சைப் புண்ணாகவே இருக்கும். உடம்பு பதறும்போது சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் இரண்டு முறையிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் ஏறுகிறது. சர்க்கரை வியாதிக்காரர்களுக்குச் சர்க்கரை கூடலாம்.

"துளைதானே போட்டாங்க, நாலாம் நாளு களையெடுக்கப் போனா என்ன?" என்று வீட்டில் கேட்பார்கள். வெளிப்புண் ஆறினது கண்ணுக்குத் தெரியும், உட்புண் தெரியாது. டாக்டர் சொன்ன நாள் வரை தண்ணிக் குடம், புல்லுக்கட்டு, நெல் மூட்டை தூக்கக் கூடாது. தூக்கினால் துளை போட்ட இடத்திலேயே குடல் பிதுங்கி குடலிறக்கம் வரலாம். அதுக்காகப் படுத்தே கிடக்கவும் கூடாது. வீட்டுக்குள் மெல்ல நடந்தால்தான் காலில் ரத்தம் கட்டாது.

எது சாதாரணம், எது ஆபத்து?

முதல் இரண்டு நாள் லேசான காய்ச்சல், புண் வலி சாதாரணம். துளை முறையில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்ஸைடு வாயு செலுத்துவதால், தோள்பட்டை ஓரிரு நாள் வலிக்கலாம்.

வலியும் காய்ச்சலும் நாளுக்கு நாள் குறைய வேண்டும். கீழே சொல்வது எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

* மூன்றாம் நாளுக்குப் பிறகும் காய்ச்சல், குளிர் நடுக்கம்
* குறைந்த வலி மறுபடி கூடுவது
* வயிறு உப்புசம், ஓயாத வாந்தி, காற்றுப் பிரியாமை
* புண்ணில் சீழ், சிவப்பு, நாற்றம்
* கண் மஞ்சளாவது
* நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்குவது

"துளை ஆபரேஷன்தானே, சரியாப் போயிடும்" என்று கஷாயம் குடித்துக் காத்திருக்காதீர்கள். உள்ளே பித்தம் கசிந்தாலோ, குடலில் காயம் பட்டிருந்தாலோ, வெளியே துளை சின்னதாகத்தான் தெரியும்.

இன்னொன்று. துளை போட்டு ஆரம்பித்த ஆபரேஷனை, உள்ளே ஒட்டுதலோ ரத்தப்போக்கோ இருந்தால் டாக்டர் திறந்து முடிப்பார். உயிரைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறார். கையெழுத்துப் போடும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், அந்த ஆபரேஷனுக்கு அங்கே அது செல்லுமா என்றும் கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் சீக்கிரம் வேலைக்குப் போவது ஆசையால் அல்ல, வேற ஆள் இல்லாததால். குழுவில் ஒருத்திக்கு ஆபரேஷன் என்றால், மற்றவர்கள் முறை வைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுங்கள், மாட்டுக்குப் புல் அறுத்துப் போடுங்கள். அந்த மாதம் அவள் தவணைக்கு அவகாசம் கொடுக்கத் தீர்மானம் போடுங்கள். மருந்து மாதிரி அந்த ஓய்வும் அவளுக்கு அவசியம்.