கழுத்தில் ஊசி இல்லாமல்
(ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



ஸ்கேன் என்றால் கர்ப்பிணிகளுக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் எடுப்பது. அது தீக்காயப் பிரிவில் எதற்கு என்று சென்ற கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டார்கள். நியாயமான கேள்வி.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் 20 பேருக்குமேல். இவை நாடறிந்தவை. ஒருவர், இருவராகக் காயம்பட்டு வருகிறவர்களைச் செய்தித்தாள் எழுதுவதில்லை. குனிந்து மருந்து அடைக்கும்போது தீப்பிடித்தால் முகமும் கழுத்தும் மார்பும் கைகளும்தான் முதலில் வேகும்.

வெந்த உடலில் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 40 சதவீதம் வெந்துவிட்டது என்று வையுங்கள். பார்க்லாண்ட் கணக்குப்படி 4 மில்லியை 50ஆலும் 40ஆலும் பெருக்க வேண்டும். முதல் நாளில் 8 லிட்டர் ரிங்கர் லாக்டேட். அதில் பாதி முதல் 8 மணி நேரத்தில். அந்த நேரம் காயம்பட்ட நிமிடத்திலிருந்து ஓடுகிறது, நம் வாசலுக்கு வந்ததிலிருந்து அல்ல. வழியில் 2 மணி நேரம் போயிருந்தால் 4 லிட்டரை மீதி 6 மணி நேரத்தில் ஏற்றியாக வேண்டும். குறைந்தால் சிறுநீரகம் கெடும். கூடினால் நுரையீரலில் நீர் கோக்கும்.

இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தின் அழுத்தம் இதற்கு ஒரு வழிகாட்டி. லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1930இலேயே கழுத்துச் சிரையின் துடிப்பைக் கண்ணால் பார்த்து அதை மதிப்பிடும் வழியை எழுதினார். பிறகு கழுத்துச் சிரையில் நீண்ட குழாயைச் செருகி அளந்தோம். கழுத்தே வெந்து கிடப்பவரிடம் எதைப் பார்ப்பது? வெந்த தோல் வழியாகக் குழாய் போனால் கிருமியும் கூடவே போகும்.

அங்கேதான் ஸ்கேன். நெஞ்சுக்குழியில் பசை தடவிக் கருவியை வைத்தால் கல்லீரலுக்குப் பின்னே கீழ்ப் பெருஞ்சிரை தெரியும். அங்கும் வெந்திருந்தால் வலது விலாப் பக்கமாகப் பார்க்கலாம். “மூக்கை உறிஞ்சும்மா” என்போம். சிரை 2.1 சென்டிமீட்டருக்குள் இருந்து பாதிக்குமேல் சுருங்கினால் அழுத்தம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் பாதரசம்; பெரும்பாலும் இன்னும் நீர் தாங்கும். அதைவிடத் தடித்து, சுருங்காமல் நின்றால் ஏறத்தாழ 15. கையை நிறுத்தி யோசிக்க வேண்டும்.

இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நீர் அதிகமாகி வயிறு உப்பினால் அந்த இறுக்கமே சிரையை நசுக்கிவிடும். திரையில் அது வற்றியதுபோல் தெரியும். நம்பி இன்னும் ஏற்றினால் ஆபத்து. ஆகையால் மணிக்கொரு முறை சிறுநீர்ப் பையைப் பார்க்கும் செவிலியரின் குறிப்பேட்டையே நான் முதலில் கேட்பேன். அந்தப் பெண்ணுக்கு மணிக்கு 25 மில்லியாவது வர வேண்டும்.

‘ஆம்புலன்சிலேயே கருவியைக் கொண்டு போகலாமே’ என்பீர்கள். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஸ்கேன் கருவி பதிவு செய்த இடத்தைவிட்டு நினைத்தபடி நகரக் கூடாது. பெண் குழந்தைகளைக் காக்க வந்த சட்டம். குறை சொல்ல மாட்டேன். கருவியிடம் அந்தப் பெண்தான் வந்து சேர வேண்டும். வரும் வழியிலேயே கையில் சொட்டு ஓடத் தொடங்கியிருக்க வேண்டும்.