சந்தகமும் சந்தேகமும்

(வடமாலபேட்டை வட்டாரத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்மில் சிலர் பிழைப்புத் தேடி எல்லையைத் தாண்டி வந்தவர்கள். சிலரோ பாட்டன் காலத்திலிருந்து இங்கேயே இருப்பவர்கள். எல்லைதான் அவர்களைத் தாண்டிப் போயிற்று. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு போயிற்று. ம.பொ.சி. முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி திரும்பி வந்தது. புத்தூரும் வடமாலபேட்டையும் வரவில்லை. 2022-ல் இந்த ஊர் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. மனுவின் மேல் எழுதும் விலாசம் மாறியது. மனுவின் மொழி மாறவில்லை.

அந்தச் சரித்திரம் இன்னொரு நாளைக்கு ஆகட்டும். இன்று பேச வந்தது கடைவீதிச் சங்கதி.

தெலுங்கு நமக்கு அந்நியமல்ல. உப்பு அங்கேயும் உப்பு, கூலி அங்கேயும் கூலி, அக்கா அங்கேயும் அக்கா. ஏமாற்றுவது இந்த ஒற்றுமைதான். புரிந்துவிட்டது என்று நினைத்துத் தலையாட்டி விடுகிறோம். புடவைக் கடையில் "நல்ல" என்று கேட்டால் கறுப்புப் புடவையை எடுத்துப் போடுவான். தெலுங்கில் நல்ல என்றால் கறுப்பு. இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம்.

ஆஸ்பத்திரியில் சிரிக்க முடியாது. ரத்தமும் சீதமுமாகப் போவதை நாம் கடுப்பு என்கிறோம். அவர்களுக்குக் கடுபு என்றால் வயிறு; கடுபுதோ என்றால் கர்ப்பமாக இருப்பது. அவசரத்தில் இருக்கும் நர்சின் காதில் எது விழும்? இதற்குப் பயந்துதான் பள்ளிக்கூடத்துப் பையனைக் கூட்டிப் போகிறோம். தாயின் மாதவிடாய் உபாதையைப் பத்து வயது மகன் டாக்டருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவள் பாதியை மறைக்கிறாள். அவனுக்குப் பாதி புரியவில்லை. பையனுக்கு அன்றைய பாடமும் போயிற்று. இந்தக் கொடுமையை நாம் கொடுமையென்றே நினைப்பதில்லை.

அடுத்தது காகிதம். தறிக்காரரானாலும் முன்பணம் வாங்கிய கூலியானாலும், "சந்தகம் பெட்டு" என்பார்கள். சந்தகம் என்றால் கையெழுத்து. அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்குச் சந்தேகம் வரவேண்டும். அப்பு என்று எழுதியிருந்தால் அது யாருடைய பெயருமல்ல, கடன். எண்ணில் போட்ட தொகையை மட்டும் பார்த்து விடாதீர்கள். எழுத்தில் எழுதியதையும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வந்த என்றால் நூறு. வெய்யி என்றால் ஆயிரம். இந்த இரண்டு சொல்லின் எழுத்து வடிவமாவது நம் கண்ணுக்குப் பழக வேண்டும். வேலிமுத்ர, அதாவது கைநாட்டு, கேட்டால் கொடுக்காதீர்கள். தமிழில் கையெழுத்துப் போடுங்கள், அது செல்லும்.

தெலுங்கு படித்தால் தமிழ் போய்விடும் என்கிறார் ஒரு பெரியவர். அவர் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் தமிழைக் காப்பது வேறு வேலை, அதற்கும் வழி இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 350-வது பிரிவின்படி, குறை தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம். 350-அ பிரிவு, சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யச் சொல்கிறது. ஒரு வகுப்பில் 10 பேர், அல்லது பள்ளி முழுவதும் 40 பேர் இருந்தால் ஆசிரியர் கொடுக்க வேண்டும் என்று 1949-லேயே மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு முடிவெடுத்தது. அந்த 40 பெயரை எழுதி யார் கேட்டோம்? பட்டியலை இன்றே தொடங்குவோம். நோட்டு மேடையின் ஓரத்தில் இருக்கிறது.

தெலுங்கு எழுத்து வகுப்பு வருகிற ஞாயிறு மாலை, வேலை முடிந்தபின். முதலில் பெண்களுக்கு. ஆண்கள் அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் குழந்தையைப் பார்த்துக் கொள்ளட்டும். சிலேட்டு இல்லாதவர்கள் பழைய காலண்டர் தாள் கொண்டு வாருங்கள். வீட்டில் தெலுங்குக் காகிதம் ஏதாவது இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். அதிலிருந்தே பாடம் ஆரம்பிக்கலாம்.