கணைய ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் என்ன கவனிக்கணும்?

(திருப்பனந்தாள் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால் இருக்கிற உறுப்பு. சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற நீரும், சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிற இன்சுலினும் அங்கேதான் சுரக்குது. அதில் கல்லோ, கட்டியோ, புற்றுநோயோ வந்தால் சிலருக்கு ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும். "குடிக்கிறவங்களுக்குத்தான் இது வரும்" என்று ஊரில் சொல்வாங்க. குடி முக்கியக் காரணம்தான். ஆனால் குடியே தெரியாத இளவயதுக்காரர்களுக்கும் கணையத்தில் கல் வருவதை தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் டாக்டர்கள் வெகுகாலமாகப் பார்த்து வருகிறார்கள். அதனால் நோயாளியைப் பழி பேசாதீங்க.

ஆபரேஷன் செய்வது டாக்டர் வேலை. வீட்டுக்கு வந்த பிறகு காப்பாற்றுவது நம்ம வேலை.

சாப்பாட்டை கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுங்க. பத்தியம் என்று வெறும் கஞ்சியிலேயே போட்டுவிடாதீங்க. டாக்டர் சொல்கிற அளவில் பருப்பு, முட்டை, மீன் சேர்த்தால்தான் புண் ஆறும். செரிமான மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் முதல் கவளத்தோடு போடணும், பிறகு போட்டால் பலன் குறையும். மலம் எண்ணெய்ப் பிசுக்காக மிதந்து, உடம்பும் இளைத்தால், மாத்திரை போதவில்லை என்று டாக்டரிடம் சொல்லுங்க.

சர்க்கரை புதிதாக வரலாம். பரிசோதனையை விடாதீங்க. இன்சுலின் போடுகிறவருக்கு கை நடுங்கி வேர்த்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்க. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்க.

காயத்தில் மஞ்சள், எண்ணெய், சாம்பல் எதுவும் வேண்டாம். வயிற்றில் டியூப் வைத்து அனுப்பியிருந்தால் தினமும் எவ்வளவு நீர் வருது, என்ன நிறம் என்று ஒரு நோட்டில் எழுதுங்க. தினமும் மெதுவாக நடக்கணும், படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டும். குடம் தூக்குவது, நாற்று நடுவது எல்லாம் டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான். ஆபரேஷன் ஆனவர் பெண் என்றால், "இன்னும் எத்தனை நாள் படுத்திருப்பா?" என்று யாரும் கேட்காதீங்க. குடி, புகையிலை இரண்டையும் அடியோடு விடணும்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், அதிக வயிற்று வலி, நிற்காத வாந்தி, கண் மஞ்சளாவது, டியூபில் ரத்தம், ரத்த வாந்தி, கருப்பு மலம், மூச்சுத் திணறல் – இதில் ஒன்று வந்தாலும் ராத்திரியானாலும் கிளம்பணும். உள்ளே கசிவோ, சீழோ, ரத்தப்போக்கோ இருக்கலாம். "விடியட்டும், பார்க்கலாம்" என்று இருப்பதுதான் ஆபத்து. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிச் சீட்டையும் மாத்திரைகளையும் கையோடு எடுத்துப் போங்க.

காசுக்காகத்தான் பல பேர் தயங்குகிறோம். 2012 முதல் நடக்கிற முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையை நோய் வருவதற்கு முன்னாலேயே வாங்கி வையுங்க. வண்டிச் செலவுக்குக் குழுப் பணத்திலிருந்து அன்றைக்கே உள்கடன் கொடுக்கலாம் என்று ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் எழுதுங்க. நாம் சேர்த்த காசு நம்மில் ஒருத்தி உயிருக்கு உதவாமல் வேறு எதற்கு?