மேசையில் கிடந்தே மலையேறும் கடிகாரம்



மலையேறப் போகும் பிள்ளைகள் இப்போது கட்டுகிற ஸ்போர்ட்ஸ் வாட்ச், எத்தனை மீட்டர் உயரத்தில் நிற்கிறோம் என்பதையும் காட்டுகிறது. அதற்கு எப்படித் தெரியும்?

பல வாட்சுகளின் பக்கவாட்டில் பொடிப்பொடியாகத் துளைகள் இருக்கும். உள்ளே ஒரு கருவி காற்றழுத்தத்தை அளக்கிறது. மேலே போகப் போக அழுத்தம் குறையும். கடலோரத்தில் ஏறக்குறைய 8 மீட்டர் ஏறினால் ஒரு மில்லிபார் குறையும். ஊட்டியில் அதற்கே 10 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும்.

இது பழைய வித்தைதான். 1648-இல் பிரான்ஸ் நாட்டு அறிஞர் பாஸ்கல், தன் அக்காள் கணவரைப் பாதரசக் குழாயோடு புய் தெ டோம் மலைக்கு ஏறச் சொன்னார். (தான் பாரிஸிலேயே இருந்துகொண்டார்!) உச்சியில் பாதரசம் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது. ஆனால் அந்த அக்காள் கணவர் கெட்டிக்காரர். இன்னொரு குழாயை அடிவாரத்திலேயே வைத்து, நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு துறவியையும் உட்கார வைத்துவிட்டுத்தான் ஏறினார். கீழே பாதரசம் அசையவில்லை. அதனால்தான் மேலே இறங்கியதற்குக் காரணம் உயரமே என்று உறுதியாயிற்று.

நம் வாட்சுக்கு அப்படிக் கீழே ஆள் இல்லை. நம் பகுதியில் காற்றழுத்தம் தினமும் காலை பத்து மணிவாக்கில் கூடி, மாலை நான்கு மணிவாக்கில் இரண்டு மூன்று மில்லிபார் குறையும். மேசைமேல் கழற்றி வைத்த வாட்ச் அதற்குள் இருபது முப்பது மீட்டர் 'ஏறி'விடும்! காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நெருங்கினால் இன்னும் ஏறும். அதைக் குறை என்று சொல்லமாட்டேன். கூடாரத்தில் படுத்திருக்கையில் உயரம் தானாகக் கூடிக்கொண்டே போனால், வானிலை கெடப்போகிறது என்று மலையேறுபவர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள்.

உயரம் சரியாக வேண்டுமென்றால், உயரம் தெரிந்த இடத்தில் வாட்சைத் திருத்திக்கொள்ள வேண்டும். அதற்கு நம் ரயில் நிலையங்களைவிட வசதி வேறில்லை. மஞ்சள் பலகையில், ஊர்ப்பெயருக்குக் கீழே கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். உதகமண்டலம் நிலையம் 2203 மீட்டர். அங்கே திருத்திக்கொண்டு தொட்டபெட்டா ஏறுங்கள். உச்சி 2637 மீட்டர். எவ்வளவு பிசகியது என்று உடனே தெரிந்துவிடும்.

இறங்கி வந்ததும் வாட்சை நல்ல தண்ணீரில் அலசுங்கள். வியர்வை உப்பு துளையை அடைத்துவிடும். ஊசியால் மட்டும் குத்தாதீர்கள்.