குடியாத்தத்துச் சிரசும் பெயரில்லாத பெண்ணும்



ஆண்டுதோறும் வைகாசி முதல் நாளில் குடியாத்தத்தில் நடைபெறும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை ஆம்பூர், பேரணாம்பட்டு, வேலூர் வட்டாரங்களில் அறியாதவர் இல்லை. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் சிரசு, அதாவது தலை மட்டும், மாலைகளுக்கு நடுவே ஊர்வலமாகப் புறப்படுகிறது. வழிநெடுகச் சூறைத்தேங்காய் சிதற, அது கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலை அடைந்ததும் அங்கே காத்திருக்கும் ஓர் உடலின் மேல் பொருத்தப்படுகிறது. தலை ரேணுகாதேவியுடையது, உடலோ அவளுடையதன்று.

இந்தச் சடங்கின் பின்னுள்ள கதையைப் பெரும்பாலோர் பாதிதான் சொல்லிக் கேட்டிருப்பர். தன் கற்பின் வலிமையால் ஆற்று மணலிலேயே குடம் வனைந்து நீர் சுமந்து வந்த ரேணுகை, ஒருநாள் நீரில் தெரிந்த கந்தர்வனின் நிழலைக் கண்டு ஒரு கணம் வியக்க, குடம் உடைகிறது. கணவர் ஜமதக்கினி முனிவர் அவள் தலையை வெட்டும்படி மகன்களுக்கு ஆணையிடுகிறார். மூத்தவர்கள் மறுத்துச் சாபம் பெற, இளையவன் பரசுராமன் தந்தை சொல்லைத் தலைமேற்கொண்டு மழுவோடு கிளம்புகிறான். வடமொழிப் புராணத்தில் அவன் தாயின் தலையை வெட்டி, பின் தந்தையிடம் வரம் பெற்று அவளை உயிர்ப்பிக்கிறான்; நாட்டார் வழக்கிலோ கதை வேறு திசையில் நடக்கிறது. உயிருக்கு அஞ்சி ஓடிய ரேணுகை சேரிக்குள் நுழைகிறாள். அங்கிருந்த ஒருத்தி அவளைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். மழு இருவர் தலையையும் ஒருசேரக் கொய்துவிடுகிறது. பின்னர் தந்தையிடம் வரம் பெற்றுத் தாயை எழுப்ப வந்த மகன், பதற்றத்தில் தலைகளை மாற்றிப் பொருத்துகிறான். ரேணுகையின் தலையும் சேரிப் பெண்ணின் உடலுமாக எழுந்தவளே இன்று வழிபடப்படும் அம்மன். அடைக்கலம் கொடுத்தவளுக்குக் கதையில் பெயர் கிடையாது. சாதியைச் சுட்டும் ‘சண்டாளச்சி’ என்ற சொல்லே கோயில் வழக்கிலும் அவளுக்குப் பெயராக நின்றுவிட்டது.

நாடகங்களும் தேவதைக் கதைகளும் போற்றும் பெண்ணின் தியாகத்தை இந்தப் பெயரில்லாதவளின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் அதன் உண்மையான கணக்கு புலப்படும். வட தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் விடிய விடிய நடைபெறும் அரிச்சந்திரன் கதையை எடுத்துக்கொள்வோம். விசுவாமித்திரருக்குக் கொடுத்த வாக்கு அரிச்சந்திரனுடையது; அதைக் காப்பாற்ற முதலில் விற்கப்படுபவளோ சந்திரமதி. தர்ப்பை பறிக்கப்போன மகன் லோகிதாசனைப் பாம்பு தீண்டியபோது, எசமானர் வீட்டு வேலையை முடித்த பிறகே அவளால் பிள்ளையின் உடலைத் தேடிப் போக முடிகிறது. நள்ளிரவில் பிணத்தைச் சுமந்து சுடுகாட்டுக்கு வந்தவளிடம் அங்கே காவல் நிற்கும் கணவன், ஆளை அடையாளம் தெரியாமல், கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கூலியாகக் கேட்கிறான். கையில் ஒன்றுமில்லை என்று அவள் அழ, கழுத்தில் தாலி மின்னுகிறதே என்கிறான். கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலி அது என்பதால் அங்கே அறிமுகம் நிகழ்கிறது. அந்த இடத்தில் கண்கலங்காத ஊரே இல்லை. ஆயினும் விடிந்து வீடு திரும்பும் கூட்டம் அரிச்சந்திரனின் வாய்மையைத்தான் பேசிக்கொண்டு போகிறது. சிறுவயதில் இந்த நாடகத்தைப் பார்த்து உருகியதைச் ‘சத்திய சோதனை’யில் எழுதிய காந்தியடிகளும், எல்லோரும் ஏன் அரிச்சந்திரனைப்போல் வாய்மையுடன் இருக்கக்கூடாது என்றே தம்மைக் கேட்டுக்கொண்டார். அந்த வாய்மைக்கு விலையாகத் தரப்பட்டவள் ஒருத்தி இருந்தாள் என்பது எவர் நினைவிலும் தங்குவதில்லை.

கடல் கடந்தாலும் கணக்கு மாறவில்லை. கி.மு. 438இல் ஏதென்சு நகரில் அரங்கேறிய யூரிப்பிடீசின் ‘ஆல்செஸ்டிஸ்’ நாடகத்தில், தனக்குப் பதிலாக வேறொருவர் இறந்தால் தான் பிழைக்கலாம் என்ற சலுகையைப் பெற்ற அத்மீட்டஸ் மன்னன், முதிய தாய் தந்தையரும் மறுத்த பிறகு மனைவியின் உயிரை ஏற்றுக்கொள்கிறான். ஹெராக்ளீஸ் என்ற வீரன் அவளை மீட்டுக் கொண்டுவரும்போது அவள் மேடையில் நிற்கிறாள், ஆனால் ஒரு சொல்லும் பேசுவதில்லை. கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட நாட்டார் கதைத் தொகுப்பிலுள்ள ‘ஆறு அன்னங்கள்’ கதையில், காட்டில் வழிதவறிய அரசன் ஒரு சூனியக்காரிக்கு வாக்குக் கொடுத்து அவள் மகளை மணக்கிறான்; அதன் விளைவாக அவன் மகன்கள் ஆறு பேரும் அன்னங்களாகிவிட, அவர்களை மீட்கும் பொறுப்பு மகள் தலையில் விழுகிறது. ஆறு ஆண்டுகள் பேசாமலும் சிரிக்காமலும் அவள் பூக்களால் ஆறு சட்டைகள் தைக்க வேண்டும். பெற்ற பிள்ளைகளைக் கொன்றவள் என்று பழி சுமத்தி எரிக்கக் கொண்டுபோகும்போதும் வாய் திறவாமல் கையில் சட்டைகளோடு செல்கிறாள். கடைசிச் சட்டைக்கு இடக்கை தைக்க மட்டும் நேரமில்லாததால், இளைய சகோதரனுக்கு ஒரு சிறகு அப்படியே நின்றுவிடுகிறது.

வாய் பேசாமல் வீட்டுக்காகத் தைத்துத் தீர்க்கும் பெண்ணை ஆம்பூர் வட்டாரத்தில் கதைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. ஷூவின் மேல்பாகமான ‘அப்பரை’ ஷூ கம்பெனிகளின் தையல் பிரிவுகளில் தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; அதே அப்பரை வீட்டுத் திண்ணையில் வைத்து ஊசியும் நூலுமாகக் கையால் தைத்து, ஜோடிக் கணக்கில் கூலி வாங்குபவர்களும் பெண்களே. குடும்பத்தின் கடனும் தம்பியின் படிப்பும் அந்த ஊசிமுனையில் நிற்கும்போது, அவளைத் தியாகி என்று மேடையில் புகழ்வது எளிது. அந்தப் புகழ் கூலியை உயர்த்தாது; அவள் கேட்க வேண்டிய கேள்வியை அடக்கிவிடவே பெரிதும் பயன்பட்டிருக்கிறது.

இதற்கு மறுப்பும் இந்த மண்ணின் கூத்திலேயே உண்டு. சூதில் தன்னையே தோற்ற பிறகு மனைவியைப் பணயம் வைக்கக் கணவனுக்கு ஏது உரிமை என்று சபையில் கேட்ட திரௌபதியை இவ்வட்டாரம் அம்மனாக்கிக் கோயில் கட்டிக் கும்பிடுகிறது. பாரதக் கூத்தின் முடிவில், படுகளம் என்னும் சடங்கில், மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தின் குருதியைத் தொட்டு அவள் கூந்தலை முடியும்போது, ஊரே கையெடுத்து வணங்குகிறது. சந்திரமதிக்கு அந்தக் கேள்வியை எவரும் எழுதித் தரவில்லை. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் நாடகக் கம்பெனிகளிலும் தெருக்கூத்திலும் பெண் வேடம் கட்டியவர்கள், அதாவது ஸ்திரீபார்ட் நடிகர்கள், ஆண்களே. சந்திரமதியின் புலம்பலை எழுதியவர்களும் ஆண்களே என்பதை இங்கே மறந்துவிடலாகாது.

சந்திரமதியும் ஆல்செஸ்டிசும் அன்னங்களின் சகோதரியும் யாரோ ஓர் ஆணின் வாக்கையோ உயிரையோ காக்கத் தம்மைக் கொடுத்தவர்கள். ரேணுகையைக் கட்டிக்கொண்ட சேரிப் பெண்ணை எந்த வாக்கும் கட்டவில்லை, எந்தக் கணவனும் கேட்கவில்லை. துரத்தப்பட்ட இன்னொரு பெண்ணுக்காக அவளே முடிவெடுத்தாள். கதைகள் முழுவதிலும் தியாகம் என்ற சொல்லுக்கு ஐயமின்றி உரியவள் அவள்தான்.

ஆகவே இந்த வட்டாரத்துக் கூத்து வாத்தியார்களிடமும் நாடகம் எழுதும் இளைஞர்களிடமும் இந்த அவை வைக்க வேண்டிய வேண்டுகோள் ஒன்று உண்டு. ரேணுகை கதையைக் கட்டும்போது அந்தப் பெண்ணுக்கும் திரை பிடித்து ஒரு வருகை அமைக்கட்டும்; அவளுக்கு ஒரு பெயரும், தன் வாயால் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பாட்டும் இருக்கட்டும்; மழுவுக்கு முன்னே நின்று, பெற்றவளை ஏன் வெட்ட வந்தாய் என்று பரசுராமனை அவள் கேட்கட்டும். அந்த வேடத்தைக் கட்ட, பகலில் ஷூ தைக்கும் பெண்களிலிருந்தே ஒருத்தியை அழைத்துப் பயிற்சி தரட்டும்.